325ஆம் இடத்துச் செரின்: ஃபாக்ஸ்பி2 புரதத்தின் ஒரு குறுந்தொடர் குறித்து

வோல்ஃப்காங் எனார்ட், ஸ்வாந்தே பேபோ முதலியோர் 2002இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஃபாக்ஸ்பி2 கட்டுரை, தனித்தனியே நிற்க வேண்டிய இரண்டு வாதங்களை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டது. முதலாவது புரதத்தைப் பற்றியது. சிம்பன்சியின் கிளையிலிருந்து பிரிந்த பிறகு மனிதக் கிளையில் இப்புரதத்தின் இரண்டு அமினோ அமிலங்கள் மாறின. 303ஆம் இடத்தில் திரியோனின் போய் அஸ்பராஜின் வந்தது. 325ஆம் இடத்தில் அஸ்பராஜின் போய்ச் செரின் வந்தது. பின்னது, புரதக் கைனேஸ் சி என்னும் நொதி பாஸ்பேட் ஏற்றுவதற்கு இடம் தரும் குறுந்தொடர் ஒன்றை உருவாக்கியிருக்கலாம் என்றனர். இரண்டாவது வாதம் காலத்தைப் பற்றியது. இம்மாற்றங்கள் கடந்த 200,000 ஆண்டுகளுக்குள் இயற்கைத் தேர்வின் வேகத்தில் மனித இனம் முழுவதும் பரவின என்பது அது. இரண்டும் கைகோத்தபோது ‘பேச்சு மரபணு’ என்ற பட்டம் இதழ்களில் நிலைத்துப்போனது.

பேச்சுக் குறைபாடு மரபுவழி வந்த கேஇ குடும்பம், 2001இல் அங்கே கண்டறியப்பட்ட 553ஆம் இடத்துப் பிறழ்வு ஆகியவை பலரும் எழுதியவை. அவற்றுக்குள் நான் போகவில்லை. கால வாதம் இன்று ஏறக்குறையக் கைவிடப்பட்டுவிட்டது. குறுந்தொடர் வாதமோ, காலவாதம் ஒருகாலத்தில் ஈட்டித் தந்த செல்வாக்கிலேயே இன்னும் புழங்குகிறது. அதற்கென்று தனியாக என்ன சான்று இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தொடரை எழுத்தெழுத்தாகப் பார்ப்போம். மனிதப் புரதத்தில் 325 முதல் 328 வரை செரின், அலனின், அர்ஜினின், அர்ஜினின். சிம்பன்சியிலும் எலியிலும் இதே இடத்தில் அஸ்பராஜின், அலனின், அர்ஜினின், அர்ஜினின். நொதி கேட்பது மிகக் குறைவு: செரின் அல்லது திரியோனின், நடுவில் எதுவாயினும் ஒன்று, பிறகு லைசின் அல்லது அர்ஜினின். மூன்று இடங்களில் இரண்டுக்குத்தான் நிபந்தனை. அலனினும் அர்ஜினினும் ஏற்கெனவே காத்திருந்தன. ஓர் எழுத்து மாறியதும் வாய்பாடு நிறைவேறிவிட்டது. 2002ஆம் ஆண்டுக் கட்டுரை சொல்வது இவ்வளவே. இது கணிப்பு. செல்லுக்குள் அந்தச் செரினில் பாஸ்பேட் ஏறியதை அந்தக் கட்டுரை காட்டவில்லை.

இத்தனை எளிய வாய்பாடு தற்செயலாக எத்தனை முறை நிறைவேறும்? மனிதப் புரதங்களில் 100 இடங்களுக்குச் சுமார் 13 செரினாகவோ திரியோனினாகவோ இருக்கும். சுமார் 11 லைசினாகவோ அர்ஜினினாகவோ இருக்கும். 715 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தில் வெறும் தற்செயலே பத்துப் பொருத்தங்களைத் தந்துவிடும். ஃபாக்ஸ்பி2இல் நீளமான பகுதிகள் குளூட்டமின் வரிசைகளாகவே கிடப்பதால் கொஞ்சம் குறையலாம். அப்படியும் இப்புரதத்தை வாசித்துப் போனால் அரை டஜனுக்குக் குறையாத பொருத்தங்கள் தட்டுப்படுகின்றன. அவற்றுள் ஒன்றை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 304 முதல் 306 வரை திரியோனின், செரின், லைசின். முதல் மாற்றம் நிகழ்ந்த 303ஆம் இடத்துக்கு ஒட்டினாற்போல் இது நிற்கிறது; சிம்பன்சியிலும் எலியிலும் அப்படியே இருக்கிறது. அதாவது, மனிதருக்கே உரிய செரின் தோன்றுவதற்கு முன்பே, அதே நொதியின் வாய்பாட்டுக்குப் பொருந்தும் இடம் 21 இடங்களுக்கு முன்னால் இருந்தது. அதை யாரும் பேச்சோடு முடிச்சுப் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் ஒன்றை விட்டு மற்றொன்றைத் தேர்வதற்குக் காரணம், பின்னது மனிதரிடம் மட்டும் உண்டு என்பதன்றி வேறில்லை.

அந்த ‘மட்டும்’ கூட முழுக்கச் சரியன்று. ஜியான்ஸி ஜாங் குழுவினர் 2002இலேயே ஜெனெட்டிக்ஸ் இதழில் காட்டியபடி, ஊனுண்ணி விலங்குகளின் கிளையிலும் 325ஆம் இடத்தில் இதே செரின் தனியாகத் தோன்றியிருக்கிறது. தொடர்பற்ற இரு கிளைகளில் ஒரே மாற்றம் வந்ததே தேர்வின் அடையாளம் என்று சிலர் வாதிடக்கூடும். நான் ஏற்கவில்லை. அஸ்பராஜின் செரினாக மாற, மரபு எழுத்துகளில் நடுவெழுத்து அடினினிலிருந்து குவானினாக மாறினால் போதும். டிஎன்ஏவில் மிக எளிதாக நிகழும் மாற்ற வகைகளுள் அது ஒன்று. வேறு வேறு ஊர்களில் ஏடு பெயர்த்தெழுதிய இருவர் ஒரே எழுத்தில் தடுமாறியிருந்தால், மூலத்தில் அப்படித்தான் இருந்தது என்று பதிப்பாசிரியர் முடிவுகட்டமாட்டார்; அந்த எழுத்து தடுமாற இடம் தருவது என்றுதான் குறித்துக்கொள்வார். பூனையும் நாயும் மனிதரோடு இந்தச் செரினைப் பகிர்வதிலிருந்து குரல் பற்றிய முடிவு எதையும் நான் எடுக்கமாட்டேன். எதிரொலியால் வழி காணும் வௌவால்களில், 303உம் 325உம் அடங்கிய மரபணுப் பகுதியான 7ஆம் எக்ஸான் மிகுதியாக மாறியிருப்பதை 2007இல் காட்டினர். அங்கும் எந்த மாற்றம் வேலை செய்கிறது என்பது வேறு கேள்வி.

ஒரே அமினோ அமிலம் குறுந்தொடரை உருவாக்கி உயிரியலை மாற்றிவிட முடியாது என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். ஷாக்2 புரதத்தில் 2ஆம் இடத்துச் செரின் கிளைசினாக மாறுவது அதற்கு நல்ல சான்று. 2009இல் கார்டெட்டு குழுவினர் விளக்கியபடி, அம்மாற்றம் புரதத்தின் முனையில் மிரிஸ்டிக் அமிலம் ஒட்டுவதற்கான தொடரைப் புதிதாகத் திறக்கிறது; புரதம் செல்லின் மென்படலத்துக்கு நகர்கிறது; நூனன் நோயை ஒத்த நிலையும், எளிதில் கழன்று வரும் தலைமுடியும் தோன்றுகின்றன. தொடர், ஒட்டுதல், இடமாற்றம், உடலின் விளைவு என்று ஒவ்வொரு கண்ணியும் அங்கே கையில் இருக்கிறது. 325க்கு முதல் கண்ணி மட்டும் இருக்கிறது.

எதிர்வாதமாக எலிச் சோதனை எழும். 2009இல் எனார்ட் குழு மனித மாற்றங்கள் இரண்டையும் எலியின் மரபணுவில் புகுத்தியது. குட்டிகளின் மீயொலி அழைப்பு மாறியது, டோபமைன் குறைந்தது, நரம்பணுக்களின் கிளைகள் நீண்டன. அதே ஆண்டு கொனாப்கா குழு மனித, சிம்பன்சி வடிவங்களை நரம்புச் செல்களில் ஒப்பிட்டு 116 மரபணுக்கள் வேறுபட்டு இயங்குவதாகக் கண்டது. இவற்றை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் அந்த எலியில் 303உம் 325உம் ஒன்றாகவே புகுந்தன. விளைவு எதனுடையது என்று அது பிரித்துச் சொல்லாது. செரினால் வந்தது என்றே வைத்துக்கொண்டாலும், பாஸ்பேட் வழியாக வந்தது என்று ஆகாது.

காலத்தைப் பற்றிச் சுருக்கமாக. எல் சித்ரோன் குகையின் இரண்டு நியாண்டர்தால்களில் இரு மாற்றங்களும் இருப்பதை 2007இல் கிராவுஸ் குழு காட்டியபோதே 200,000 என்ற எண் ஆட்டம் கண்டது. கலப்போ மாசோ காரணமாயிருக்கலாம் என்று அடுத்த ஆண்டு கூப் குழு எழுப்பிய ஐயம் அன்றைக்கு நியாயமானதே. பின்னர் வந்த துல்லியமான நியாண்டர்தால், டெனிசோவா மரபுத்தொகைகள் அதைத் தீர்த்துவைத்தன. தேர்வின் தடம் 7ஆம் எக்ஸானுக்கு உரியதன்று என்று 2009இல் ப்டாக் குழு எழுதியது. 2013இல் பேபோவின் லைப்சிக் ஆய்வகமே புரதத்தை விட்டு 8ஆம் இன்ட்ரானில் காரணம் தேடியது. கடைசியாக 2018இல் அட்கின்சன் குழு, பல கண்டங்களிலிருந்து எடுத்த 20 பேரை ஒன்றாகக் கலந்ததே அந்தத் தடத்தைத் தோற்றுவித்தது என்று செல் இதழில் நிறுவியது.

மிஞ்சுவது இரு எல்லைகள். மேலெல்லை சிம்பன்சியிடமிருந்து பிரிந்த காலம். கீழெல்லை நம் கிளையும் நியாண்டர்தால், டெனிசோவா கிளையும் பிரிந்த காலம். 2014ஆம் ஆண்டுக் கணக்கின்படி 550,000 முதல் 765,000 ஆண்டுகளுக்கு முன். நடுவில் பல மில்லியன் ஆண்டுகள் வெறுமையாகக் கிடக்கின்றன. இரண்டு மாற்றங்களில் எது முந்தியது என்பதற்கும் விடை அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. சிமா தெ லோஸ் ஊசோஸ் எலும்புகளின் டிஎன்ஏ சுமார் 430,000 ஆண்டுப் பழமையானது. ஆனால் அது நியாண்டர்தால் பக்கம் நிற்பதால் பிரிவுக்குப் பிந்தியது. அதற்கும் முந்திய ஹோமோ ஆன்டெசசர் பல்லிலிருந்து 2020இல் படிக்க முடிந்தவை எனாமலில் தங்கியிருந்த புரதங்கள். ஃபாக்ஸ்பி2 அவற்றுள் ஒன்றன்று.