அடைவுச் சேவையில் பெயர் சரமான வரலாறு

ஆட்கள், நிறுவனங்கள், கருவிகள் ஆகியவற்றின் விவரங்களை ஒரே மரவடிவ அமைப்பில் வைத்து வலையமைப்பு வழியாகத் தேடிப் பெற உதவும் ஏற்பாடே அடைவுச் சேவை. அதற்கான எக்ஸ்.500 தரநிலைகளைச் சிசிஐடிடி, ஐஎஸ்ஓ என்னும் இரு பன்னாட்டு அமைப்புகள் இணைந்து வகுத்தன. முதற்பதிப்பு 1988இல் ஒப்புதல் பெற்றது. நாடு, நிறுவனம், பிரிவு, ஆள் என்று மரத்தின் வேரிலிருந்து படிப்படியாக இறங்கி ஒரு பதிவின் இடத்தைச் சுட்டும் முழுப்பெயர் தனித்துவப் பெயர், சுருக்கமாக டிஎன், எனப்பட்டது. அத்தரநிலையில் இப்பெயர் எழுத்துக்கோவை அன்று. ஒவ்வொரு படியும் ஒரு பண்பும் அதன் மதிப்பும் சேர்ந்த சோடியாக, சில வேளைகளில் பல சோடிகளின் தொகுப்பாக அமைய, அப்படிகளின் வரிசை முழுவதும் ஏஎஸ்என்.1 என்னும் குறிமொழியின் விதிப்படி இரும வடிவில் பொதியப்பட்டது.

எக்ஸ்.500 அடைவை அணுகுவதற்கான நெறிமுறை ஓஎஸ்ஐ வலையமைப்பு அடுக்குகள் முழுவதையும் வேண்டியதால், அக்காலத்துத் தனியாள் கணினிகளுக்கு அது பெருஞ்சுமையாயிற்று. இதற்கு மாற்றாக மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹோவ்ஸும், ஸ்டீவ் கில், வெங்யிக் யோங் ஆகியோரும் வகுத்த எல்டாப் நெறிமுறை, ஆர்.எஃப்.சி. எனப்படும் இணைய ஆவண வரிசையில் 1993இல் ஆர்.எஃப்.சி. 1487 ஆக வெளிவந்தது. இது டிசிபி இணைப்பின் மேல் நேரடியாக இயங்கியதோடு, பெயர்களை வெறும் எழுத்துச் சரமாகவே அனுப்பியது. அச்சரத்தில் ஆளின் பெயர் முதலிலும் நாடு இறுதியிலும் நிற்க, படிகளைக் காற்புள்ளி பிரித்தது. எவரும் கண்ணால் படித்து விசைப்பலகையில் தட்டக்கூடிய இவ்வடிவமே எல்டாப் பரவியதற்கு ஒரு பெருங்காரணம் எனலாம். ஆயினும், அமைப்புடைய ஒரு பொருள் வெறும் எழுத்தாகத் தோற்றம் கொண்டதிலிருந்தே நிரலரின் இடர்களும் தொடங்கின.

பெயரின் மதிப்புக்குள்ளேயே காற்புள்ளி வந்தால் என்ன செய்வது என்பதே முதல் இடர். 1995இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1779, "சூ, கிராபிட் அண்ட் ரன்" என்னும் கற்பனை நிறுவனப் பெயரை எடுத்துக்காட்டாகத் தந்து, அதனை இரட்டை மேற்கோளுக்குள் அடைத்தது. படிகளைப் பிரிக்க அரைப்புள்ளியையும் அது அனுமதித்தது. 1997இல் அதன் இடத்துக்கு வந்த ஆர்.எஃப்.சி. 2253 அதே நிறுவனத்தை, காற்புள்ளிக்கு முன் பின்சாய்வுக்கோடு இட்டு, அதாவது காப்பிட்டு, எழுதியது. பழைய வடிவங்களைப் பெறும் நிரல் ஏற்க வேண்டும், ஆனால் தானாக உருவாக்கக் கூடாது என்றும் விதித்தது. 2006ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 4514 அக்கட்டாயத்தைக் கைவிட்டது.

காற்புள்ளி கண்ட இடமெல்லாம் சரத்தை வெட்டிய நிரல்கள், காற்புள்ளி இல்லாத பெயர்களால் மட்டும் சோதிக்கப்பட்ட வரையில் பிழையின்றி ஓடின. சி மொழிக்கான இடைமுகத்தை 1995இல் விவரித்த ஆர்.எஃப்.சி. 1823, பெயரைப் படிகளாகப் பிரிக்கும் தனிச் செயற்கூறு ஒன்றைக் கொண்டிருந்தது. அதன் விடையும் சரங்களின் பட்டியலே என்பதால் அமைப்பு பாதியளவே மீண்டது. ஜாவாவின் ஜேஎன்டிஐ இடைமுகத்தில் இடர் இன்னும் கடுமையானது. அங்கே சரமாகத் தரப்படும் பெயர் முதலில் சாய்வுக்கோட்டால் பிரிபடும் கூட்டுப்பெயராகப் படிக்கப்பட்ட பின்னரே எல்டாப் பெயராகக் கொள்ளப்பட்டது. ஆகவே பெயரில் உள்ள ஒரேயொரு பின்சாய்வுக்கோடு, எல்டாப் விதிப்படி இரண்டாகவும், கூட்டுப்பெயர் விதிப்படி நான்காகவும், ஜாவா மூலநிரலில் எட்டாகவும் பெருகியது. 2004இல் வந்த ஜாவா 5, எல்டாப்நேம், ஆர்டிஎன் என்னும் இரு வகுப்புகளைத் தந்து, பெயரைச் சோடிகளின் வரிசையாகவே கட்டவும் மதிப்பைத் தனியே காப்பிடவும் வழி செய்தது. பத்தாண்டுக் காலச் சரவெட்டுக்குப் பின் வந்த இத்திருத்தம் மிகவும் காலம் தாழ்ந்தது என்றே கொள்ள வேண்டும்.

தேடலின் நிபந்தனையைச் சொல்லும் வடிகட்டிக் கோவைக்கு இக்காப்பு விதி பொருந்தாது. வடிகட்டியில் உடுக்குறி, அடைப்புக்குறிகள், பின்சாய்வுக்கோடு ஆகியவை பின்சாய்வுக்கோட்டுடன் கூடிய இரண்டு பதினறும இலக்கங்களாக எழுதப்படுகின்றன. காற்புள்ளிக்கு அங்கே தனிப்பொருள் இல்லை. பெயருக்கான காப்பை வடிகட்டிக்கும் போதுமென்று கொண்ட நிரல்களில், பயனர் தட்டிய ஓர் உடுக்குறியே தேடப்படும் பண்புடைய எல்லாப் பதிவுகளோடும் பொருந்தி, அவர் காணக்கூடாதவற்றையும் வெளியிட்டுவிடலாம்.