எந்தப் படகில் ஏறுவது?

போன நவம்பரில் ஆஸ்லோவில் ஒரு வாரம் ஆபீஸ் வேலை இருந்தது. அவ்வளவு தூரம் போகிறோமே, அப்படியே வடக்கே ட்ரொம்சோ வரை போய்த் திமிங்கலம் பார்த்துவிட்டு வரலாம் என்று ஓர் ஆசை. கீழ்க்கட்டளை வீட்டில் உட்கார்ந்து இரண்டு ராத்திரி படகு தேடினேன். மூன்று வகை கிடைத்தது. ஒன்று, ட்ரொம்சோவிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல். உள்ளே ஹீட்டர், காபி, கழிப்பறை எல்லாம் உண்டு. ஆனால் திமிங்கலம் இருக்கும் இடத்துக்குப் போகவே சில மணி நேரம் ஆகும். இரண்டாவது, காற்றடைத்த ரப்பர் படகு. தண்ணீரில் மிதக்கும் உடுப்பை மாட்டிவிட்டு, விலங்குக்கு வெகு அருகில் கொண்டுபோவோம் என்கிறார்கள். மூன்றாவது, வடக்கே ஷெர்வோய் என்ற சின்ன ஊரிலிருந்தே கிளம்பும் பழைய மரப் படகு. ஒருகாலத்தில் மீன் பிடித்தது, இப்போது பயணிகளை ஏற்றுகிறது.

ஆஸ்லோ ஆபீஸில் எங்கள் டீமில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி இருக்கிறான். பிறந்து வளர்ந்தது எல்லாம் நார்வே. வீடியோ காலில் அவனிடம் எந்தப் படகு நல்லது என்று கேட்டேன். சிரித்தான். "அண்ணை, காசு குடுத்து அந்தக் குளிருக்குள்ள போறியளோ? எங்கட அப்பா அங்கயிருந்து வெளிக்கிடத்தான் பதினொரு வரியம் காசு சேர்த்தவர்."

அவன் அப்பா ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நார்வேயின் வடகோடி மாகாணம் அது. அந்தப் பெயரைத் தேடப் போய்த்தான் இந்தக் கதைக்குள் விழுந்தேன்.

நவீன திமிங்கல வேட்டை தொடங்கியதே அந்தக் கரையில்தான். நீலத்திமிங்கலம், துடுப்புத் திமிங்கலம் இரண்டையும் அதற்கு முன் யாராலும் எளிதில் பிடிக்க முடியவில்லை. துடுப்பு போடும் படகை விட அவை வேகமானவை, செத்தால் மூழ்கிவிடும். ஸ்வெண்ட் ஃபோய்ன் என்ற நார்வேக்காரர் 1860களில் இந்தச் சிக்கலை ஓர் எஞ்சினியர் போல உட்கார்ந்து தீர்த்தார். வேகத்துக்கு நீராவிப் படகு. அதன் மூக்கில் பீரங்கி. பீரங்கியில் ஈட்டி, ஈட்டி நுனியில் வெடிகுண்டு. 1870-இல் காப்புரிமையும் வாங்கினார். செத்த உடலுக்குள் காற்றை அடித்து மிதக்க வைத்து, கரைக்கு இழுத்து வந்து, எண்ணெய் காய்ச்சினார்கள். ஃபின்மார்க் கரை நெடுக வேட்டை நிலையங்கள் முளைத்தன.

முப்பது வருஷத்தில் அங்கிருந்த மீனவர்கள் பொறுமை இழந்தார்கள். அவர்கள் கணக்கு எளிமையானது. கேப்லின் என்ற பொடி மீன் கூட்டத்தைத் திமிங்கலம் கரைப்பக்கம் விரட்டுகிறது. அதைத் தின்ன காட் மீன் கரைக்கு வருகிறது. காட் வந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். திமிங்கலத்தைக் கொன்றால் மீன் எப்படி வரும்? விஞ்ஞானிகள் இதை மறுத்தார்கள். திமிங்கலம் மீனை விரட்டுவதில்லை, மீன் இருக்கும் இடத்துக்குத் திமிங்கலம் போகிறது, அவ்வளவுதான் என்றார்கள். வலை காலியாக வரும்போது இந்த விளக்கம் யார் காதில் ஏறும்? 1903 ஜூன் மாதம் மேஹாம்ன் என்ற ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள் திரண்டு, அங்கிருந்த வேட்டை நிலையத்தை இடித்துத் தள்ளினார்கள். அரசாங்கம் படையை அனுப்பியது. ஆனால் கோரிக்கையைத் தட்ட முடியவில்லை. 1904 முதல் பத்து ஆண்டுகளுக்கு வட நார்வே கரையில் வேட்டைக்குத் தடை வந்தது.

திமிங்கலத்துக்காக எழுந்த ஆரம்பகாலக் கலகங்களில் ஒன்று இது. அதைச் செய்தவர்கள் யாரும் விலங்குப் பிரியர்கள் இல்லை. சோற்றுக்காகச் செய்தார்கள். அறிவியலும் அவர்கள் பக்கம் இல்லை. இருந்தும் அவர்கள் கரையில் ஈட்டி நின்றது.

அந்த வெற்றிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தடை வந்த அதே 1904-இல் கார்ல் அன்டன் லார்சன் என்ற நார்வே மாலுமி, உலகத்தின் மறுகோடியில், தெற்கு ஜார்ஜியா தீவில் க்ரிட்விக்கன் நிலையத்தைத் தொடங்கினார். வடக்கில் திமிங்கலம் அருகி வந்ததால் வேட்டைக்காரர்கள் ஏற்கெனவே தெற்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த அறுபது, எழுபது ஆண்டுகளில் தென்கடலில் கொல்லப்பட்ட நீலத்திமிங்கலங்கள் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல். மேஹாம்ன் மீனவர்கள் தங்கள் கரையைத்தான் காப்பாற்றினார்கள். அதற்கு மேல் அவர்களால் என்ன செய்திருக்க முடியும்?

அதே வடகரைக்குத்தான் 1980களிலிருந்து தமிழர்கள் போனார்கள். நார்வேக்கு முதலில் போன தமிழர் என்று சொல்லப்படுபவர் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம். 1956-இல் போய், மீன்பிடித் தொழில் கற்று, நார்வேக்காரர்களின் உதவியோடு யாழ்ப்பாணத்தில் 'சீநோர்' நிறுவனத்தை உருவாக்கினார். காரைநகரில் படகு கட்டும் தளம், குருநகரில் வலைத் தொழிற்சாலை. அவர் திறந்த வழியில் பிறகு மாணவர்கள் போனார்கள். 1983-க்குப் பிறகு அகதிகள் போனார்கள். ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. உள்ளூர் இளைஞர்கள் தெற்கே போய்க்கொண்டிருந்த ஊர்களில், காட் மீனைத் துண்டு போடும் மேசைக்கு முன்னால் யாழ்ப்பாணத்துக்காரர்கள் நின்றார்கள். காசு சேர்ந்ததும் பலர் ஆஸ்லோ பக்கம் குடிபெயர்ந்தார்கள்.

திமிங்கலத்தைப் பார்க்கக் காசு வாங்கும் தொழில் 1955-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஒரு டாலர் டிக்கெட்டோடு தொடங்கியது. நார்வேயில் 1988-இல் ஆண்டெனஸ் என்ற ஊரில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், நார்வே இன்னமும் சட்டப்படி மிங்கி திமிங்கலத்தை வேட்டையாடுகிறது. காலையில் படகில் போய்த் திமிங்கலத்தைப் படம் எடுத்துவிட்டு, ராத்திரி ஹோட்டலில் திமிங்கலக் கறி சாப்பிடலாம். குளிர்காலத்தில் ஓர்க்காவும் கூன்முதுகுத் திமிங்கலமும் வருவது ஹெர்ரிங் மீனுக்காக. ஹெர்ரிங் நம்ம மத்திக்குச் சொந்தக்காரன். அது எந்த ஃபியோர்டில் குளிர்காலத்தைக் கழிக்கிறதோ, அங்கே திமிங்கலம். அதன் பின்னால் படகு. சில வருஷங்களுக்கு முன் ட்ரொம்சோவை ஒட்டியே இருந்த ஹெர்ரிங், 2017 வாக்கில் ஷெர்வோய் பக்கம் நகர்ந்தது. பெரிய கப்பல்கள் அவ்வளவு நேரம் ஓடுவது இதனால்தான்.

கீழ்க்கட்டளையிலிருந்து தினம் ரேடியல் ரோடு வழியாக ஓஎம்ஆர் போகிறவன் நான். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை இரண்டாகப் பிளந்து போட்ட ரோடு அது. பூநாரை நிற்கிற நாட்களில் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுப்பவர்களில் நானும் ஒருவன். பறவையை நான் பார்ப்பதற்கு வழி செய்த ரோடுதான் அதன் இடத்தையும் தின்றது. இது தெரிந்த பிறகு, "வெகு அருகில் கொண்டுபோவோம்" என்ற விளம்பரத்தை என்னால் பழையபடி படிக்க முடியவில்லை. பக்கவாட்டில் மெதுவாக நெருங்குவார்களா, எஞ்சினை அணைப்பார்களா, விலங்கு விலகினால் துரத்தாமல் விடுவார்களா, காணாமல் திரும்ப நேர்ந்தால் நேர்மையாகச் சொல்வார்களா என்று மூன்று இடத்துக்கும் மெயில் போட்டேன். மரப் படகுக்காரர் மட்டும் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். ஷெர்வோய் போக பஸ்ஸும் அறையும் தனிச் செலவு. பரவாயில்லை என்று அதையே பதிவு செய்தேன்.

நவம்பர் கடைசி. சூரியன் எழவே இல்லை. பகல் என்பது சில மணி நேர நீல வெளிச்சம். எஞ்சின் நின்ற பிறகு ஓர்க்காக்களின் மூச்சு சத்தம் கேட்டது. நல்ல தூரத்தில் அவை ஹெர்ரிங் கூட்டத்தை வளைத்து வாலால் அடித்துக்கொண்டிருந்தன. என் போனில் பதிவானது நாலைந்து கருப்புப் புள்ளிகள்.

ஆஸ்லோ திரும்பியதும் தம்பி வீட்டில் சாப்பாடு. அவன் அப்பாவிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். ஓர்க்காவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"மீன் நிறையக் கிடந்ததோ, தம்பி?" என்றார்.