பொன்னா, பேரனா? தமிழ்க் குடும்ப ஆவணங்களில் பழைய கையெழுத்து

ஒரு பழைய ஓலையில் ஒற்றைக்கொம்பு, பகரம், கால், னகரம் என்ற நான்கு வடிவங்கள் வரிசையாகக் கீறப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அதைப் ‘பொன்’ என்று படிக்கலாம். ‘போன’ என்றும் படிக்கலாம். கால் என்று நாம் எண்ணியது ரகரமாக இருந்தால் ‘பேரன்’ என்றே படிக்கலாம். பாகப்பிரிவினை ஓலையில் இது பெரிய வேறுபாடு. பங்காகப் போனது பொன்னா, பங்கு வாங்கியவன் பேரனா என்பது இந்த நான்கு கீறல்களைப் பொறுத்தது.

இந்த மயக்கத்துக்குக் காரணம் எழுதியவரின் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. அன்றைய எழுத்துமுறையே அப்படி. மெய்க்குப் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒரே வடிவம். ‘காடு’ம் ‘கரடு’ம் பார்வைக்கு ஒன்றுதான். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். கல்வெட்டுகளிலும் பெரும்பாலும் புள்ளி இல்லை என்பதைப் பார்க்கும்போது, ஓலையின் மென்மையை மட்டும் காரணமாகக் காட்டுவது போதாது என்றே தோன்றுகிறது. படிப்பவருக்குச் சொல் முன்னமே தெரியும் என்ற நம்பிக்கையில் நடந்த எழுத்துமுறை அது.

குடும்ப வரலாறு தேடுவோர் பெரும்பாலும் எழுத்து புரியவில்லை என்றுதான் குறைப்படுவார்கள். ஓரளவு பழகினால் எழுத்து பிடிபட்டுவிடும். பிடிபட நாளாவது ஆவணத்தின் வாசகம். ‘புத்திர பௌத்திர பாரம்பரையாய்’ என்ற தொடர் கிரய ஓலையில் எங்கே வரும், ‘இப்படி அறிவேன்’ என்று சாட்சி எங்கே எழுதுவார் என்பது தெரிந்தவருக்குப் பாதி எழுத்து அழிந்திருந்தாலும் மீதியைக் கொண்டு படித்துவிட முடியும். பொன்னும் பேரனும் தெளிவதும் இப்படித்தான். அடுத்து ஓர் எண் வந்தால் பொன்; முன்னால் ஓர் ஆளின் பெயர் நின்றால் பேரன்.

வீரமாமுனிவர் (1680–1747) நெடிலுக்கு இரட்டைக்கொம்பைத் தந்து எகர ஏகார மயக்கத்தைத் தீர்த்தார். ஆனால் முனிவர் எழுதிவைத்ததும் ஊர்க் கணக்கர் திருந்திவிடவில்லை. அச்சு பரவி, பள்ளிப் பிள்ளைகள் அச்சுப் புத்தகத்தைப் பார்த்து எழுதப் பழகிய பிறகே, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டில், புள்ளியும் இரட்டைக்கொம்பும் கையெழுத்தில் நிலைபெற்றன. அதற்குள் தாளும் மைக்கோலும் வந்துவிட்டன. என் கணிப்பில், வாசிப்பவருக்கு உண்மையான தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. எழுத்தாணி ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே கீறும். மைக்கோலோ கையை எடுக்காமல் ஓடும்; ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் தலையாகிவிடும். ஓலை என்றதும் மலைக்கிறோம். விக்டோரியா தலை பொறித்த முத்திரைத்தாளில் அவசரக்கார எழுத்தர் ஒருவர் ஓட்டிய கிரயப் பத்திரம் அதைவிடக் கடினமானது.

பேச்சுமொழி அப்படியே எழுத்தில் ஏறியிருப்பதும் நினைவில் இருக்க வேண்டும். ‘இந்த’ என்பது ‘யிந்த’ என்றும், ‘உள்ள’ என்பது ‘வுள்ள’ என்றும் வரும். அகராதியில் தேடிப் பயனில்லை; வாய்விட்டுப் படித்தால் சட்டென்று விளங்கும். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு (1736–1761) இதற்கு நல்ல பயிற்சிக்களம். பதினெட்டாம் நூற்றாண்டில் வணிகர் வீட்டுத் தமிழ் எப்படி ஓடியது என்பதை அச்சில் படித்துப் பழகிக்கொண்டு கையெழுத்துக்குப் போவது நல்லது.

எண்களும் குறிகளும் தனி உலகம். ௧ என்பது ககரம் போலவும், ௨ என்பது உகரம் போலவும், ௭ என்பது எகரம் போலவும் இருக்கும். சொல்லுக்கு நடுவே அர்த்தமில்லாமல் ஓர் எழுத்து நின்றால் அது எண்ணா என்று பார்க்க வேண்டும். ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். இவற்றுள் மேற்படிதான் அதிகம் ஏமாற்றும். ‘௸யார்’ என்று வந்தால் மேலே சொன்ன யார் என்று திரும்பிப் போய்த் தேட வேண்டும். அண்ணன் தம்பி மூவர் பேசப்படும் பத்திரத்தில் இது பெரும் வேலை. பங்குக் கணக்கில் கால், அரை, முக்காலோடு மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) வரை இறங்குவார்கள். அந்தப் பின்னமே ஒரு சான்று. பொதுச்சொத்தில் ஒருவருக்கு எட்டில் ஒன்று என்று எழுதியிருந்தால், எத்தனை தலைமுறை, எத்தனை கிளை பிரிந்தபின் அந்தப் பங்கு வந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். பெயர் எழுதப்படாத பெரியப்பாக்கள் இப்படித்தான் வெளியே வருவார்கள்.

ஆண்டைக் கண்டுபிடிப்பதில் அறுபது வருஷச் சுழற்சி குறுக்கே நிற்கும். ‘பிலவங்க’ வருஷம் என்றால் 1787, 1847, 1907 எல்லாமே பொருந்தும். போதாக்குறைக்கு, ஓலையின் ஓரம் ஒடிந்து ‘பிலவ’ மட்டும் மிஞ்சியிருந்தால் அது 1841 ஆகவும் இருக்கலாம். நல்ல வேளையாக அக்கால எழுத்தர்கள் ஒரே நாளை இரண்டு மூன்று கணக்கில் எழுதும் பழக்கம் உடையவர்கள். திருநெல்வேலிப் பக்கத்து ஆவணத்தில் கொல்லம் ௲௨௰௩, அதாவது 1023, ஐப்பசி என்று கூடவே இருந்தால் 824ஐக் கூட்டி 1847 என்று முடித்துவிடலாம். தை பிறந்தபின் எழுதியதென்றால் 825ஐக் கூட்ட வேண்டும். மற்ற இடங்களில் சக ஆண்டோ கலியாண்டோ கைகொடுக்கும்.

ஜாதக ஓலையில் சிக்கல் இன்னும் நுட்பமானது. கட்டத்தில் கிரகங்கள் ஓரெழுத்தாகச் சுருங்கியிருக்கும். ‘ச’ என்பது சந்திரனா சனியா, ‘சு’ என்பது சுக்கிரனா, சுழி அழிந்த சூரியனா என்று தடுமாறுவோம். சூரியன் எந்த ராசி என்பது பிறந்த மாதத்திலிருந்தே தெரிந்துவிடும் என்பதால் அதை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். சுக்கிரன் சூரியனை விட்டு ஒன்றிரண்டு ராசிக்கு மேல் விலகாது. ஆண்டைக் கணிக்கப் பலர் குருவையும் சனியையும் பிடித்துக்கொள்கிறார்கள். குருவுக்கு ஏறக்குறைய 12 ஆண்டு, சனிக்கு ஏறக்குறைய 30 ஆண்டு. 60 ஆண்டு கழித்து இரண்டும் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஆகவே தாத்தாவின் ஜாதகமா, அவருடைய தாத்தாவின் ஜாதகமா என்ற கேள்விக்கு அவை விடை தராது. ராகுவைப் பார்க்க வேண்டும். அதன் சுற்று ஏறக்குறைய 18½ ஆண்டு என்பதால் 60 ஆண்டில் இரண்டு மூன்று ராசி தள்ளி நிற்கும்.

1864ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்குப் பின் ஆவணத்துக்கு இரண்டாவது உயிர் வந்தது. வீட்டிலிருந்த மூலம் கறையானுக்குப் போனாலும் பதிவு அலுவலகத்துப் புத்தகத்தில் நகல் இருக்கும். அந்த நகலை எழுதியவர் குடும்பத்தை அறியாத ஓர் எழுத்தர் என்பதால், மூலத்தில் அவருக்குப் புரியாத பெயர் நகலில் வேறு பெயராகியிருக்கலாம். மூலமும் நகலும் முரண்பட்டால் பெயருக்கு மூலத்தையும், தேதிக்கு நகலையும் நம்புவது பொதுவாகப் பாதுகாப்பானது.

கடல் கடந்தவர்களின் தடத்தைத் தமிழறிவோடு ஆங்கிலக் கையெழுத்திலும் தேட வேண்டியிருக்கிறது. 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்தது முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேரின் விவரம் கப்பல் பட்டியல்களில் உள்ளது: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடலடையாளம். காதில் விழுந்ததை எழுத்தர் எழுதியதால் குப்புசாமியும் முனுசாமியும் உருமாறிக் கிடக்கிறார்கள். ஆங்கிலத் தொடரெழுத்தில் ‘என்’ எழுத்தும் ‘யூ’ எழுத்தும் ஒன்றுபோல் தெரியும் என்பதால் குழப்பம் இரட்டிக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்தால் போதாது. உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தார்க்கு இதே வேலை டச்சுக்காரர் தோம்புகளில், அதாவது நிலப் பதிவேடுகளில், காத்திருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் பலரும் படிக்காமல் தாண்டிப் போகும் பகுதி ஒன்று உண்டு: நான்கெல்லை. சர்வே எண் வருவதற்கு முன் நிலத்துக்கு அடையாளம் அதுதான். கிழக்கே இன்னார் நிலம், வடக்கே இன்னார் தோப்பு என்று எழுதியிருக்கும் அந்த ‘இன்னார்’ பெரும்பாலும் பங்காளிகள். ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த நிலம் பிரிந்ததால் பக்கத்தில் இருப்பவர்கள். வம்சாவளியில் விடுபட்ட ஒரு கிளை மேற்கெல்லையில் கிடப்பதுண்டு.

அந்த எல்லைகளில் வரும் வயற்பெயர்களையும் வாய்க்கால் பெயர்களையும் எந்த அகராதியும் தராது. ஊரில் உழுது பழகிய பெரியவர்களுக்கு மட்டுமே அவை தெரியும். ஆவணத்தை லேமினேட் செய்யாதீர்கள். ஓலைக்கட்டின் கயிற்றை அவிழ்க்கும் முன் வரிசையைப் படமெடுத்து வையுங்கள். முதலில் அந்தப் பெரியவர்களிடம் போய் நான்கெல்லையைப் படித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்.