வீடு, வீடுபேறு, பிறந்த வீடு: ஏக்கத்தின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

பிறந்து வளர்ந்த வீட்டை நினைத்து ஏங்குவது மனித குலத்துக்கே பொதுவான உணர்வு என்பதாக நம் கவிஞர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முற்றம், ஊஞ்சல், தாத்தாவின் சாய்வு நாற்காலி, சின்ன வயதில் படுத்த அறை என்று ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது. அதை யார் தயாரித்தது என்று கேட்டால், ‘உணர்ச்சியிலுமா அரசியல்?’ என்கிறார்கள். அதிலும்தான். ஏக்கம் இயல்பாக இருக்கலாம். எந்த வீட்டின் நினைவு போற்றிக் காக்கப்படுகிறது, எது பேச்சோடு போய்விடுகிறது என்பது இயல்பாக நடப்பதல்ல. சொத்துரிமைக்கும் சாதிக்கும் அதில் பங்கிருக்கிறது. அடி அண்ணாமலையை முன்வைத்து இதைப் பேசிப் பார்க்கலாம்.

1

‘நாஸ்டால்ஜியா’ ஒரு நோயின் பெயராகப் பிறந்த சொல். 1688இல் பாசெல் நகரத்து மருத்துவ மாணவர் யோகான்னஸ் ஹோஃபர், ஊரைப் பிரிந்த சுவிஸ்காரர்களிடம் கண்ட நலிவுக்கு, வீடு திரும்பல், வலி என்ற பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி அதை உண்டாக்கினார். ஊருக்குத் திருப்பி அனுப்புவதே முக்கிய மருந்து. ஆக, திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது என்பதே இந்த நோய்க்கு முன்நிபந்தனை. 1957இல் ‘வெளியின் கவித்துவம்’ எழுதிய காஸ்தோன் பஷ்லாரும் குழந்தைப் பருவ வீட்டை நிலவறை முதல் பரண் வரை ஒரு முழு உலகமாகவே வாசித்தார்.

நம்மூரில் பெரும்பாலான வீடுகளில் நிலவறை ஏது, தனியறைதான் ஏது? பாயை விரித்தால் படுக்கையறை, சுருட்டி மூலையில் வைத்தால் அதுவே கூடம். தவறாமல் பள்ளியறை இருப்பது சாமிக்குத்தான். அர்த்தசாமப் பூசை முடிந்ததும் அண்ணாமலையாருக்குப் போய்ப் படுக்க இடம் இருக்கிறது. கோபுர வாசலில் பூ விற்கிறவர்கள் வீட்டில் நாலு பேரோ எட்டுப் பேரோ ஒரே கூடத்தில்தான் படுத்தெழும்பணும். ‘என் அறை’ என்ற நினைவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

2

சங்கப் பாடல்களில் குடியிருக்கும் இடத்துக்கு இல், மனை, அகம் என்பவையே பெருவழக்கு. ‘வீடு’ விடுதலிலிருந்து வந்த சொல். அறம், பொருள், இன்பத்துக்கு அப்புறம் வருகிற வீடும் அதுதான். வீட்டை விட்டால் வீடு கிடைக்கும் என்று இந்த இரட்டைப் பொருளை நம் சமயச் சொல்லாடல் கொண்டாடி வந்திருக்கிறது. விடுவதற்கு ஒரு வீடு யாரிடம் இருந்தது என்று அது கேட்டதில்லை.

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமனை எடுத்துக்கொள்வோம். 1892இல் அப்பா சுந்தரமய்யர் இறந்ததும் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்த பையன்கள் இருவரும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்குப் போக, அம்மா அழகம்மாள் சிறிய பிள்ளைகளோடு மானாமதுரைக்குப் போனார். மதுரையில் சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டு மாடியறையில் 1896 ஜூலையில் பையனுக்கு அந்த மரண அனுபவம் நேர்ந்தது. ஆகஸ்ட் 29 அன்று வீட்டை விட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்துசேர்ந்தான். பின்னால் ரமணர் ஆனான். எழுதி வைத்துவிட்டு வந்த சீட்டு ‘நான்’ என்று தொடங்கி ‘இது’ என்று மாறிப்போனதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். இன்று மதுரை வீடு ரமண மந்திரம், திருச்சுழி வீடு சுந்தர மந்திரம். விட்டுப் போனவனின் அறைகள் பத்திரமாக இருக்கின்றன.

அழகம்மாளின் வீடு எங்கே? 1898இல் பவழக்குன்றுக்கு வந்து மகனைக் கூப்பிட்டார், மகன் போகவில்லை. 1916இல் தானே மலைக்கு வந்து மகனோடு தங்கி, 1922 மே 19 அன்று இறந்தார். பிறந்த வீடு, புருஷன் வீடு, கொழுந்தன் வீடு, கடைசியில் மகன் இருந்த மலை. அவர் சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமமே எழுந்தது. ஆனால் யாத்திரிகர்கள் தேடிப் போய்ப் பார்ப்பது மகனின் இளமைக்கால அறையை. அழகம்மாள் சின்ன வயதில் எங்கே படுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. மகன் வீட்டை விட்டால் அது துறவு. அம்மா விட்ட வீடுகளுக்கு அப்படியொரு பெயர் கிடையாது.

3

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில் இருக்கிறது. திருவெம்பாவை இங்கேதான் பாடப்பட்டது என்பது ஐதீகம். ஐதீகம் ஒருபுறம் இருக்கட்டும், பிரதியைப் பார்ப்போம். உள்ளே படுக்கையில் ஒரு பெண் தூங்குகிறாள், வாசலில் தோழிகள் நின்று எழுப்புகிறார்கள். பிறந்த வீட்டில் தூங்கும் பெண்ணைப் பற்றி இவ்வளவு நெருக்கமாகப் பேசும் பழைய பிரதிகள் நம்மிடம் அதிகமில்லை. ஆனால் அவள் எழுந்து போய் நீராடிக் கேட்கும் வரம் என்ன? சிவனடியார் ஒருவர் புருஷனாக வரணும் என்பது. அந்தப் படுக்கையை விட்டுப் போவதற்கான வரம். தாய்வீட்டுச் சீர், தலைத்தீபாவளி, மாமன் கையால் முதல் மொட்டை எனப் பெண்ணின் ஏக்கத்துக்கு இந்தச் சமூகம் எத்தனையோ சடங்குகளைக் கொடுத்திருக்கிறது. கொடுக்காதது பங்கு ஒன்றைத்தான்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவைப் படித்தால் இது பச்சையாகத் தெரியும். குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் தாமாகப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. அங்கே குடியிருக்க மகளுக்கு உரிமை உண்டு. ஆனால் அவள் கன்னியாகவோ, கைவிடப்பட்டவளாகவோ, புருஷனைப் பிரிந்தவளாகவோ, விதவையாகவோ இருக்கணும். பிறந்த வீட்டுக் கதவு திறக்க அவள் வாழ்க்கை கெடணும்! 2005இல்தான் இந்தப் பிரிவு நீக்கப்பட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தந்த தமிழ்நாட்டுத் திருத்தமும், அது நடப்புக்கு வந்த 1989 மார்ச் 25க்கு முன்பே கல்யாணமானவர்களை விலக்கி வைத்தது.

என் அம்மா அடி அண்ணாமலையில் பிறந்தவர். 1986இல் கல்யாணம், எனவே அந்தத் திருத்தத்தில் அவருக்கு இடமில்லை. மத்தியத் திருத்தம் வந்தபோது, 2004 டிசம்பர் 20க்கு முன் முடிந்துபோன பாகப்பிரிவினைகளைத் தொட முடியாது என்று அதில் எழுதியிருந்தது. மாமாக்கள் 2001லேயே பிரித்து விற்றாயிற்று. இப்போது அந்த மனையில் யாத்திரிகர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கதவு, நம்பர். பௌர்ணமிக்கு நடந்து போகும்போது அம்மா கை காட்டுவார்: ‘அங்கதான் நான் படுத்துக்குவேன், நெல்லு மூட்டைக்குப் பக்கத்துல. ராத்திரியெல்லாம் எலி ஓடும்.’ ஊஞ்சலும் முற்றமும் அவர் பேச்சில் வந்ததே இல்லை. இதையும் ஏக்கம் என்றே சொல்கிறோம். பட்டியலில் மட்டும் இதற்கு இடமில்லை.

4

மனைகூடச் சொந்தமில்லாதவர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, பறையர்களின் குடிசை மனைகூட மிராசுதார்கள் கையில் இருந்ததையும், எதிர்த்துப் பேசினால் காலி செய்யச் சொல்லலாம் என்ற நிலையையும் பதிவு செய்தது. குடியிருப்பு மனையை அதில் குடியிருக்கும் விவசாயக் கூலிகளுக்கே உரிமையாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 1971இல். அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால், 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டிருந்தார்கள். அந்தக் குழந்தைகளும் அப்படியொரு குடிசையில்தான் பாய் விரித்துப் படுத்தவர்கள்.

வீட்டை நினைத்து எழுதவே கூடாது என்பதல்ல என் வாதம். எழுதுகிறபோது அந்த வீட்டில் யார் எங்கே படுத்தார்கள், யாருக்குப் பாய், யாருக்குக் கட்டில், யார் திண்ணையைத் தாண்டி உள்ளே வர முடியாமல் நின்றார்கள், பட்டா யார் பெயரில் இருந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அக்காவுக்கும் அம்மாவுக்கும் அதே வீட்டைப் பற்றி வேறொரு ஞாபகம் இருக்கும். நம்முடையதை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் அதை ஒருமுறை கேட்டுவிடலாம். நண்பர்கள் இதை மறுத்தும் எழுதலாம்.