ஐந்து வாக்கியக் கடிதம்

1980 ஜனவரி 10-ஆம் தேதி 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வெளிவந்தது. பாஸ்டன் பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த ஜேன் போர்ட்டரும் ஹெர்ஷெல் ஜிக்கும் எழுதியது. மருத்துவமனையில் இருந்தபோது அபின் வகை மருந்தை ஒருமுறையேனும் பெற்றவர்கள் 11,882 பேர். முன்பு போதைப் பழக்கம் இல்லாமலிருந்து, அந்த மருந்துக்கு அடிமையானதாக ஓரளவு உறுதியாகப் பதிவானவர்கள் நான்கு பேர்தான். சேதி அவ்வளவே.

அதில் பொய் இல்லை. ஆனால் படுக்கையில், செவிலியர் கண்காணிப்பில் அளந்து கொடுத்த மருந்தைப் பற்றிய கணக்கு அது. வீடு திரும்பி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது.

அந்தக் காலத்தில் புற்றுநோயில் துடித்தவருக்குக்கூட மார்ஃபின் கொடுக்கப் பல மருத்துவர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்க நினைத்தவர்களும் கடிதத்தை எடுத்துக்காட்டினார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். போகப்போக, மூலத்தைப் புரட்டிப் பார்க்காமலே கைமாறி, கடிதம் பெருத்துக்கொண்டே போனது. 1990-இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' அதை விரிவான ஆய்வு என்றது. 2001-இல் 'டைம்' அதைத் திருப்புமுனை ஆய்வாக்கியது.

இதற்கிடையே 1996-இல் பர்டியூ மருந்து நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்ற அபின் வகை வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிமையாகும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு என்று விற்பனைப் பிரதிநிதிகள் மருத்துவர்களிடம் சொன்னார்கள். முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் மருந்துச்சீட்டுகள் குவிந்தன. அந்த மாத்திரையின் ஆபத்தைக் குறைத்துக் காட்டியதாக 2007-இல் பர்டியூவின் இணை நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் ஊர் ஊராகக் குடும்பங்கள் சிதைந்திருந்தன. மருந்துச்சீட்டில் வாங்கியது, கள்ளச்சந்தையில் வாங்கியது எல்லாம் சேர்த்து, 1999 முதல் 2023 வரை அமெரிக்காவில் அபின் வகைப் பொருள்களின் மிகைப் பயன்பாட்டால் இறந்தவர்கள் சுமார் 8 லட்சம் பேர்.

கடிதம் போன வழியை 2017-இல் கனடிய ஆய்வாளர்கள் தடம் பிடித்தார்கள். அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் 608. அடிமையாவது அரிது என்பதற்கு ஆதாரமாகக் காட்டியவை 439. கடிதம் கணக்கிட்டவர்கள் மருத்துவமனையில் இருந்த நோயாளிகள் என்பதையே 491 கட்டுரைகள் சொல்லவில்லை. எனக்கு ஆறாத கோபம் இந்த எண்ணின் மீதுதான். நிறுவனத்தின் பேராசையாவது புரிகிறது. ஐந்து வாக்கியங்களைப் படிக்க ஒரு நிமிடம்கூடத் தேவையில்லையே.

தன் கடிதம் இப்படிப் பயன்பட்டதற்காக ஜிக் வெளிப்படையாக வருந்தினார். கடிதத்தை விமர்சனமின்றி மேற்கோள் காட்டிவந்ததைச் சுட்டி, அதை வெளியிட்ட இதழும் அதனுடன் ஓர் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தது. அச்சேறி 37 ஆண்டுகளுக்குப் பிறகு.