வெளியீட்டு மின்மாற்றியற்ற வெற்றிடக்குழாய் ஹெட்ஃபோன் பெருக்கி

வெளியீட்டு மின்மாற்றியற்ற பெருக்கி என்பது, வெற்றிடக்குழாய்களைக் (வால்வுகளைக்) கொண்டு அமைக்கப்படும் ஒலிப் பெருக்கிகளில், இறுதிக் குழாய்க்கும் ஒலிபெருக்கி அல்லது ஹெட்ஃபோனுக்கும் இடையே மின்மாற்றி இடம்பெறாத வகையைக் குறிக்கும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது ஓ.டி.எல் எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. இங்கு நீக்கப்படுவது வெளியீட்டு மின்மாற்றி மட்டுமே. வீட்டு மின்சாரத்திலிருந்து சுற்றைத் தனிமைப்படுத்தும் மின்வழங்கி மின்மாற்றி கட்டாயம் தேவை. பெயரைத் தவறாகப் புரிந்துகொண்டு அதையும் நீக்குவது உயிருக்கு ஆபத்தானது.

மின்மாற்றி ஏன் தேவைப்பட்டது?

வெற்றிடக்குழாய் உயர் மின்னழுத்தத்தில் குறைந்த மின்னோட்டத்தைத் தருவது. ஒலிபெருக்கிக்கோ குறைந்த மின்னழுத்தமும் மிகுந்த மின்னோட்டமும் வேண்டும். 5000 ஓம் சுமையை எதிர்பார்க்கும் குழாயை 8 ஓம் ஒலிபெருக்கியுடன் பொருத்த 25:1 சுற்று விகிதம் கொண்ட மின்மாற்றி தேவை. நல்ல வெளியீட்டு மின்மாற்றி எடை மிகுந்தது, விலையும் அதிகம். தாழ் அதிர்வெண்களில் அதன் உள்ளகம் நிறைவுற்றுத் திரிபை உண்டாக்குகிறது. உயர் அதிர்வெண்களில் கசிவுத் தூண்டலும் சுருள்களுக்கு இடையிலான மின்தேக்கமும் ஒலியைக் குறைக்கின்றன.

வரலாறு

அமெரிக்கரான ஜூலியஸ் ஃபுட்டர்மன் 1956 இல் இவ்வகைப் பெருக்கி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஐரோப்பாவில் பிலிப்ஸ் நிறுவனம் வேறு வழியில் சென்றது: குழாயை ஒலிபெருக்கிக்கு ஏற்ப மாற்றாமல், 800 ஓம் மின்மறுப்புடைய ஒலிபெருக்கிகளைச் செய்து 1950களின் வானொலிப் பெட்டிகளில் பொருத்தியது. பின்னர் திரிதடையங்கள் பரவியதால் இந்தத் தேவையே மறைந்தது.

8 ஓம் ஒலிபெருக்கியை நேரடியாக இயக்கப் பல குழாய்களை இணையாக அடுக்க வேண்டும். வெப்பமாக வீணாகும் ஆற்றலே அதில் மிகுதி. ஹெட்ஃபோனின் நிலை வேறு. 1997 இல் வெளிவந்த சென்ஹெய்சர் எச்டி 600 இன் மின்மறுப்பு 300 ஓம்; பேயர்டைனமிக் டிடி 880 இல் 600 ஓம் வகையும் உண்டு. இவற்றுக்குத் தேவைப்படுவது சில மில்லிவாட்டு மட்டுமே. ஓ.டி.எல் முறைக்கு இயல்பான இடம் ஹெட்ஃபோன் என்பது மிகையன்று.

சுற்றின் அமைப்பு

பொழுதுபோக்காகக் கட்டப்படும் எளிய சுற்றில் இரண்டு நிலைகள் உள்ளன. முதல் நிலையில் 12ஏயு7 போன்ற இரட்டை டிரையோடு மின்னழுத்தத்தைப் பெருக்குகிறது. அதன் ஒரு பாதி இடது தடத்துக்கும் மறு பாதி வலது தடத்துக்கும் பயன்படும். இரண்டாம் நிலையில் 6080 அல்லது 6ஏஎஸ்7ஜி இருக்கும். இக்குழாய் இசைக்காக உருவானதன்று. மின்வழங்கிகளில் மின்னழுத்தத்தைச் சீராக்குவதற்காக உருவானது. உள்தடை 280 ஓம், பெருக்கக் காரணி வெறும் 2. இந்தக் குறைந்த உள்தடையே இதை இங்கு பயனுள்ளதாக்குகிறது.

இரண்டாம் நிலையில் வெளியீடு நேர்மின்வாயிலிருந்து அன்றி எதிர்மின்வாயிலிருந்து எடுக்கப்படுகிறது. இதற்குக் கதோடு ஃபாலோயர் என்று பெயர். இது மின்னழுத்தத்தைப் பெருக்காது. உள்ளே வருவதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே வெளியே தரும். ஆனால் வெளியீட்டு மின்மறுப்பை வெகுவாகக் குறைக்கும். தரவுத்தாள் மதிப்புகளின்படி 280 ஐ 3 ஆல் வகுக்க ஏறக்குறைய 93 ஓம் வருகிறது. குறைந்த மின்னோட்டத்தில் இயக்கும்போது இது 100 ஓமைத் தாண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: மின்வழங்கி 170 வோல்ட்டு, எதிர்மின்வாய் மின்தடையம் 3000 ஓம், அதன் குறுக்கே 100 வோல்ட்டு எனில், குழாயில் ஓய்வு மின்னோட்டம் 33 மில்லியம்பியர். மின்தடையத்தில் 3.3 வாட்டு வெப்பம் உண்டாவதால் 10 வாட்டு தாங்கும் கம்பிச்சுருள் மின்தடையத்தைப் பயன்படுத்துவது நல்லது. கிரிட் எதிர்மின்வாயைவிட ஏறத்தாழ 20 வோல்ட்டு தாழ்ந்திருக்க வேண்டும், அதாவது 80 வோல்ட்டு. முதல் குழாயின் நேர்மின்வாயை அதே 80 வோல்ட்டில் அமைத்துவிட்டால் இரண்டையும் நேரடியாக இணைக்கலாம். இடையில் மின்தேக்கி வேண்டியதில்லை.

எதிர்மின்வாயிலுள்ள 100 வோல்ட்டு நேர்மின்சாரம் ஹெட்ஃபோனை அடையாமல் தடுப்பது வெளியீட்டு மின்தேக்கி. மின்மாற்றியை எடுத்த இடத்தில் மின்தேக்கி ஒன்று வந்து அமர்ந்துவிடுகிறது என்பதை இம்முறையைப் புகழ்வோர் பெரும்பாலும் சொல்வதில்லை. 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியுடன், 120 ஓம் வெளியீட்டு மின்மறுப்பும் 300 ஓம் ஹெட்ஃபோனும் சேர்ந்தால் தாழ் அதிர்வெண் எல்லை ஏறத்தாழ 4 ஹெர்ட்சு. இது தேவைக்கும் அதிகமே.

ஹெட்ஃபோன் தேர்வு

மேற்கண்ட சுற்று 300 ஓமில் உச்சமாக ஏறக்குறைய 9 வோல்ட்டு தரும். அது 130 மில்லிவாட்டுக்குச் சற்று மேல், செவிக்குத் தாராளம். அதே சுற்றில் 32 ஓம் ஹெட்ஃபோனைச் செருகினால் உச்சம் 1 வோல்ட்டு அளவிலேயே நின்றுவிடும். சமிக்ஞையின் ஐந்தில் நான்கு பங்கு பெருக்கிக்குள்ளேயே இழக்கப்படும், திரிபும் கூடும். இது பழுதன்று, முறையின் எல்லை.

மற்றொரு விளைவும் உண்டு. ஹெட்ஃபோனின் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. 300 ஓம் எனக் குறிக்கப்பட்டது தாழ் ஒலிகளில் 500 ஓம் வரை உயரலாம். 120 ஓம் பெருக்கியுடன் இணையும்போது அவ்விடத்தில் ஒலி ஏறக்குறைய 1 டெசிபெல் மிகும். "குழாய் ஒலி" என்று விரும்பிச் சொல்லப்படும் கதகதப்பில் ஒரு பகுதி இந்த எளிய மின்னழுத்தப் பங்கீடே.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை

குழாய்கள் குளிர்ந்திருக்கும்போது முதல் குழாயில் மின்னோட்டம் ஓடாது. அதன் நேர்மின்வாய் மின்வழங்கியின் முழு மின்னழுத்தத்துக்கு உயரும். இரண்டாம் குழாய் முந்திச் சூடானால் எதிர்மின்வாயும் 170 வோல்ட்டை நோக்கிச் செல்லும். எனவே, வெளியீட்டு மின்தேக்கி 100 வோல்ட்டுக்கு அன்றி, 250 வோல்ட்டுக்குக் குறையாமல் தாங்குவதாக இருக்க வேண்டும். அது உடைந்து குறுக்குச்சுற்றானால், கேட்பவரின் தலைமேல் உள்ள ஹெட்ஃபோனுக்கே உயர் மின்னழுத்தம் சென்றுவிடும். மலிவான மின்தேக்கி வாங்கக் கூடாத இடம் இது.

வெளியீட்டுத் துளைக்குக் குறுக்கே சில ஆயிரம் ஓம் மின்தடையம் ஒன்று நிலையாக இருக்க வேண்டும். ஹெட்ஃபோன் செருகப்படாதபோதும் மின்தேக்கி அதன் வழியே மின்னேற்றம் பெறும். இது இல்லையெனில், செருகிய கணத்தில் அந்த மின்னேற்றம் ஹெட்ஃபோன் சுருள் வழியே பாயும். இருந்தாலும், குழாய்கள் ஓரிரு நிமிடங்கள் சூடான பிறகு செருகுவதே வழக்கம்.

6080 இன் சூடேற்றிக்கு மட்டும் 6.3 வோல்ட்டில் 2.5 அம்பியர், அதாவது ஏறத்தாழ 16 வாட்டு தேவை. மின்வழங்கி மின்மாற்றியை இதற்கேற்பத் தெரிவு செய்ய வேண்டும். பெட்டியில் காற்றோட்டத்துக்கும் வழி வேண்டும்.

மின்சாரத்தை நிறுத்திய பின்னும் வடிகட்டு மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கக்கூடிய மின்னேற்றம் தங்கியிருக்கும். அவற்றின் குறுக்கே 1,00,000 ஓம், 1 வாட்டு மின்தடையம் ஒன்றைப் பற்றவைத்தால், மொத்தம் 200 மைக்ரோஃபாரட் மின்தேக்கமும் 100 வினாடிகளில் ஏறக்குறைய 1 வோல்ட்டுக்கு வடிந்துவிடும். அப்படியும் மல்டிமீட்டரால் அளந்து பார்த்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும், ஏனெனில் அந்த மின்தடையமே அறுந்திருக்கலாம். உலோகப் பெட்டி புவி இணைப்புடன் இருத்தல் வேண்டும். இயங்கும் நிலையில் அளக்க நேர்ந்தால் ஒரு கையை மட்டும் பயன்படுத்தி, மறு கையைப் பெட்டியிலிருந்து விலக்கி வைப்பது பழைய வானொலி பழுதுபார்ப்போரின் நடைமுறை. மின்னோட்டம் இரு கைகளுக்கும் இடையே இதயத்தின் வழியாகப் பாயாமல் அது காக்கிறது.