எப்பாக்சி பூசிய வலுவூட்டுக் கம்பி

எப்பாக்சி பூசிய வலுவூட்டுக் கம்பி என்பது, கான்கிரீட்டினுள் இடப்படும் எஃகுக் கம்பி உப்பினால் துருப்பிடிக்காமல் இருக்க, அதன்மேல் எப்பாக்சிப் பிசினைப் பூசித் தயாரிக்கப்படுவது ஆகும். பெரும்பாலும் பச்சை நிறத்தில் காணப்படும் இக்கம்பி 1970களில் ஐக்கிய அமெரிக்காவில் பயன்பாட்டிற்கு வந்தது.

பனி விழும் மாநிலங்களில்தான் இதன் தேவை எழுந்தது. சாலையில் உறையும் பனியை உருக்க உப்பைத் தூவும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கு பெருகியது. கான்கிரீட்டின் காரத்தன்மை, கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்றை உண்டாக்கிக் காப்பது இயல்பு. உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே இறங்கி அப்படலத்தை உடைத்துவிடுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், கான்கிரீட் உள்ளிருந்தே பிளந்து பாளம் பாளமாகப் பெயர்கிறது. பல தலைமுறைகள் நிற்க வேண்டிய பாலங்களின் மேல்தளங்கள் சில ஆண்டுகளிலேயே பெயரத் தொடங்கின.

இதற்குத் தீர்வு தேடிய அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 47 வகைப் பூச்சுகளைச் சோதித்தது. சூடேற்றிய கம்பியின் மேல் தூளாகத் தூவி உருகச் செய்யும் எப்பாக்சியே அவற்றில் தேறியது. 1973இல் பென்சில்வேனியாவின் வெஸ்ட் கான்ஷோஹாக்கன் பாலத்தில் இக்கம்பி முதன்முதலாக இடப்பட்டது. அதன்பின் பிற மாநிலங்களும் விரைவாக இதை ஏற்றன. சற்று அவசரமாகவே ஏற்றன என்றும் கூறலாம்.

பனி அரிதாகவே விழும் புளோரிடா மாநிலம், கடல் உப்புக்கு அஞ்சி இதே கம்பியைத் தேர்ந்தெடுத்தது. கீஸ் தீவுகளை இணைக்கும் லாங் கீ பாலம், ஏழு மைல் பாலம் முதலியவற்றின் கடல் தூண்களில் இது இடப்பட்டது. 1986இல், கட்டி முடித்துப் பத்தாண்டுகூட ஆகாத நிலையில், லாங் கீ பாலத்தின் தூண்களில் வெடிப்புகள் தென்பட்டன. உள்ளே பூச்சு கழன்று கம்பி துருப்பிடித்திருந்தது.

மேல்தளத்திற்கும் கடல் தூணுக்கும் உள்ள வேறுபாடே இங்கு முக்கியமானது. தளத்தில் உப்பு குளிர்காலத்தில் மட்டும் விழும். இடையில் தளம் உலரும். கடல் தூணில் அலை தெறிக்கும் பகுதியோ ஆண்டு முழுதும் வெப்பத்திலும் உப்பு நீரிலும் நனைந்து கிடக்கிறது. நெடுநாள் ஈரத்தில் எப்பாக்சி எஃகின் மீதான பிடிப்பை இழக்கிறது. கம்பியை வளைக்கும்போதும் ஏற்றி இறக்கும்போதும் விழும் கீறல்கள் வழியே உப்பு புகுந்து, பூச்சின் அடியிலேயே பரவுகிறது. அதனால் குளிர் மாநிலங்களின் தளங்களில் நன்கு உழைத்த அதே கம்பி, வெப்பக் கடலில் தோற்றது.

பின்னர் புளோரிடா இக்கம்பியைக் கைவிட்டு, சாம்பல் கலந்த அடர்த்தியான கான்கிரீட்டையும் கம்பிக்கு மேல் தடித்த கான்கிரீட் மூடலையும் நம்பியது. பழுதான தூண்களில் பெயர்ந்த பகுதியை அகற்றி, வெளிப்பட்ட கம்பியின் மேலும் கான்கிரீட்டின் மேலும் உருகிய துத்தநாகம் தெளிக்கப்பட்டது. கம்பிக்குப் பதிலாகத் துத்தநாகம் கரைந்து அதைக் காக்கும். கப்பல்களின் செப்புத் தகடுகளைக் கடல்நீரிலிருந்து காக்க, 1824இல் ஹம்பிரி டேவி முன்வைத்த வழியும் இதுவே.